வேலைக்குப் போகும் வழி: வாசகர் கேள்வி பதில்

கோவையில் பம்புசெட், மோட்டார் தொழிற்சாலைகளில் 27 ஆண்டுகள் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதல் கடிதத்தில் இருப்பதையே இன்னும் பல பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் அதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: 2024-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டாக் பார்க்கிறேன். கம்பெனிகளில் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆன்லைனில் இருநூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு அழைப்புகூட இல்லை. வேலையை விட்டுவிட்டு குரூப் 4-க்குப் படி என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
— டிப்ளமோ வாசகர், வேடசந்தூர்

பதில்: தம்பி, நீங்கள் இணைத்திருந்த பயோடேட்டாவை இரண்டு முறை படித்தேன். "கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து வேலை செய்வேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று இருக்கிறது. என் மேஜைக்கு வந்த தாள்களில் பாதிக்கு மேல் இதே வரிகள்தான். உங்களால் என்ன செய்ய முடியும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஏழெட்டுப் பையன்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் "க்வாலிட்டி தெரியும்" என்று எழுதியிருந்தார்கள். மேஜை மேல் ஒரு வெர்னியரையும் (நுணுக்கமாக அளக்கும் கருவி) ஒரு பம்பு ஷாஃப்டையும் (சுழலும் தண்டு) வைத்து, அளந்து சொல்லச் சொன்னேன். வந்தவர்கள் உடனே ஷாஃப்டைக் கவ்வ வைத்து ஒரு எண்ணைச் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் கைக்குட்டையை எடுத்து வெர்னியரின் இரண்டு தாடைகளையும் துடைத்தான். ஷாஃப்ட் இல்லாமல் மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தான். அதன் இரண்டு அளவுகோலின் பூஜ்யமும் நேராக நிற்கிறதா என்று பார்த்தான். அப்புறம்தான் ஷாஃப்டைத் தொட்டான். மூன்று இடத்தில் அளந்துவிட்டு "24.14 சார்" என்றான். அவன் அளவைச் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். அவனுக்கும் அனுபவம் கிடையாது. பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை விடாமல் வைத்திருந்தான்.

அதனால் அந்த மூன்று வரிகளை அடித்துவிடுங்கள். எந்தெந்த மெஷினில் கை வைத்தீர்கள், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் நீங்களே செய்த பாகம் எது, டிராயிங் பார்த்து வேலை செய்யத் தெரியுமா, இதையெல்லாம் எழுதுங்கள். சூப்பர் மார்க்கெட் வேலையை ஏன் மறைத்தீர்கள்? முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்புவது, பில்லுக்கும் சரக்குக்கும் கணக்கு நேர் செய்வது, மாதக் கடைசியில் இருப்பு எடுப்பது என்று நீங்கள் தினமும் செய்வதுதான் தொழிற்சாலை ஸ்டோர்ஸிலும் நடக்கிறது. டிப்ளமோவும் படித்து, ஸ்டோர்ஸும் பார்த்த பையன் என்றால் நான் கட்டாயம் கூப்பிட்டுப் பேசியிருப்பேன்.

அனுபவத்துக்கு நேர்வழி அப்ரென்டிஸ்தான். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தை நம் பக்கத்துக்குச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் நடத்துகிறது. இணையத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. ஓராண்டுப் பயிற்சி. 2019-ல் திருத்திய விதியிலேயே டிப்ளமோவுக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். முடிவில் கிடைக்கும் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் அனுபவமாகக் காட்டலாம். படித்து முடித்து ஆண்டுகள் ஓடிவிட்டால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, நேரில் போங்கள். உங்கள் ஊரைச் சுற்றியே நூற்பாலைகள் இருக்கின்றன, மெயின்டனன்ஸுக்கு ஆள் கேட்டுப் பாருங்கள். கோவை வர முடிந்தால் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இரண்டு நாள் நடந்து பாருங்கள். சின்னப் பட்டறைகள் இணையத்தில் விளம்பரம் கொடுப்பதில்லை. கேட்டில் "ஆள் தேவை" என்று எழுதித் தொங்கவிடுவார்கள். காலை பத்து மணி வாக்கில் போனால் முதலாளியே இருப்பார். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

அப்பாவிடம் சண்டை வேண்டாம். குரூப் 4 எழுதுங்கள், ஆனால் வேலையை விடாமல் எழுதுங்கள். 200 கேள்வியில் 100 கேள்வி தமிழ், பத்தாம் வகுப்புத் தரம். காலையில் இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் படித்தாலே நிறைய முடியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள், விசாரியுங்கள். அங்கே செய்த பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: பி.காம் படித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2016-ல் பிரசவத்துக்காக நின்றவள், திரும்பப் போகவே இல்லை. இப்போது போக ஆசை. இத்தனை வருஷ இடைவெளியை எப்படிச் சொல்வது?
— இல்லத்தரசி, திருப்பூர்

பதில்: அம்மா, இடைவெளியை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "குழந்தை வளர்ப்புக்காக நின்றேன், இப்போது முழு நேரம் வர முடியும்." மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை அது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் நின்றபோது வாட் வரி இருந்தது. 2017 ஜூலை 1-லிருந்து ஜிஎஸ்டி. டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரும் மாறிவிட்டது. பனியன் கம்பெனியில் டையிங், நிட்டிங், ஸ்டிச்சிங் என்று வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில் குவியும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் கம்பெனி என்றால், விற்பனை பில்கள் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற படிவத்திலும், அந்த ஜாப் ஒர்க் பில்கள் உட்பட மொத்த வரிக் கணக்கு 20-ம் தேதிக்குள் 3பி என்ற படிவத்திலும் போயாக வேண்டும். இந்த இரண்டு தேதியும் மனப்பாடமாக இருந்து, டேலியில் பர்ச்சேஸ் பில்லை ஜிஎஸ்டி இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தால் போதும், உங்களை யாரும் பழைய ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

நேராகக் கம்பெனிக்குப் போகாமல் முதலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு ஆள் போதாது. சம்பளம் குறைவாக இருந்தாலும் நான்கு மாதம் உட்காருங்கள். பத்துக் கம்பெனிக் கணக்கு கையில் ஓடும். எந்தக் கம்பெனியில் அக்கவுன்டன்ட் நின்றுவிட்டார் என்ற செய்தி முதலில் வரும் இடமும் அதுதான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. லேப்டாப் டெபாசிட் 4,800 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். இன்று கடைசி நாளாம். கட்டலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: கட்டாதீர்கள். சம்பளம் கொடுக்கப் போகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். "இன்றே கடைசி" என்பது உங்களை யாரிடமும் விசாரிக்க விடாமல் செய்வதற்காகத்தான். அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள், லெட்டரில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். இந்தப் பதிலைப் படிப்பதற்குள் பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. லெட்டர், சாட், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.