பட்டறைக்கு சாஃப்ட்வேர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நாச்சியார்கோவில் பக்கம் அப்பா காலத்துல இருந்தே குத்துவிளக்கு பட்டறை வச்சிருக்கோம். ரெண்டு வருஷம் முன்னாடி புரொடக்‌ஷன் பிளானிங் சாஃப்ட்வேர்னு ஒண்ணு வாங்கிப் போட்டோம், மூணே மாசத்துல எல்லாரும் பழைய நோட்டுக்கே போயிட்டாங்க. இப்ப தம்பி வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கான், கார்த்திகை ஆர்டருக்கு முன்னாடியே போட்டுடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கலாமா?

பதில்: வாங்குங்க, ஆனா கார்த்திகைக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம். அமெரிக்காவுல ஹெர்ஷினு பெரிய சாக்லேட் கம்பெனி, 1999 ஜூலையில புது கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு மாறுனாங்க, அக்டோபர் கடைசியில ஹாலோவீன், அவங்களுக்கு அதான் சீசன். குடோன்ல சரக்கு கிடக்கு, ஆனா சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியல. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னு தம்பிகிட்ட சொல்லுங்க.

ஏன் நோட்டுக்குப் போனாங்கன்னு அவங்களையே கேட்டீங்களா? என் கணிப்பு, ஸ்டாக் தப்பா இருந்திருக்கும். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் போடுறது ஒரே கணக்குதான், ஆர்டர்ல இருந்து இருப்பைக் கழிச்சு மீதிய எப்ப வார்க்கணும்னு சொல்லும். விளக்கு உச்சியில வைக்கிற அன்னம் 40 இருக்குன்னு அது காட்டுது, ரேக்ல 22தான் கிடக்குன்னா அன்னைக்கே கதை முடிஞ்சுது, ரெண்டு தடவை அப்படி ஆனா அப்புறம் எவனும் ஸ்கிரீனைத் திரும்பிப் பாக்க மாட்டான். இருப்பு 95 சதவீதமாவது சரியா இருக்கணும், பாகப் பட்டியல் 98 சதவீதம், இது இந்தத் துறையில ரொம்ப நாளா சொல்ற அளவு.

பாகப் பட்டியல்னா அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம் எல்லாம் தனித்தனியா வார்த்து மறை போட்டு சேக்குறீங்கல்ல, அதை அப்படியே எழுதுறதுதான். இதுல நிறைய பேர் கோட்டை விடுறது பித்தளை எடையில. 5 கிலோ விளக்குக்கு 5 கிலோ பித்தளைன்னு போட்டுட்டு போயிடுவாங்க. வார்க்கும்போது வாய்க்கால்ல நிக்கிறது, கடைசல் தூள், ராவுன தூள் எல்லாம் திரும்ப உருக்குற மூசைக்குப் போகுதே, அது வரவுல வரணும். அதுவும் போக பித்தளையில செம்போட துத்தநாகமும் கலந்திருக்கு, அது 907 டிகிரியிலயே கொதிச்சிடும், பித்தளை உருக்குற சூடு கிட்டத்தட்ட அதேதான், அந்த வெள்ளைப் புகையில போறது திரும்பி வராது. ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் எவ்ளோ குறையுதுன்னு உங்க தராசுலயே போட்டுப் பாத்து எழுதுங்க, சாஃப்ட்வேர் விக்கிறவர் சொல்ற நம்பரை நம்பாதீங்க.

நாள் கணக்கும் அப்படித்தான். ஐப்பசி மழையில மண்ணச்சு காய சித்திரையில ஆகுற நேரமா ஆகும்? மழை மாசத்துக்கு தனி லீட் டைம், அதாவது வேலை முடிய ஆகுற நாள், போட வழி இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

மார்கழியில ரேக் ரேக்கா எண்ணி முடிங்க. தையில இருந்து ஒரே ஒரு மாடல் விளக்கை மட்டும் சாஃப்ட்வேர்ல ஓட்டுங்க, நோட்டும் கூடவே இருக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போனா ஆடியில மொத்தமா மாறலாம். ஆங், கடைசல் போடுறவர் கையில போனைக் குடுத்து டைப் பண்ணச் சொல்லாதீங்க, கை பூரா பித்தளைத் தூளோட அவர் எப்படிங்க தொடுவாரு, சாயங்காலம் ஒருத்தர் போய் கேட்டு ஏத்தினா போதும். கணக்கு எழுத டேலி சாஃப்ட்வேர் வச்சிருந்தா அதுலயே பாகப் பட்டியல், உற்பத்தியைப் பதியுற மேனுஃபேக்சரிங் ஜர்னல் இருக்கு, முதல்ல அதுல பழகிட்டுக்கூட புதுசு வாங்கலாம், காசு எங்கயும் ஓடிடாது.

கேள்வி: மன்னார்குடியில ரைஸ் மில் வச்சிருக்கேன். இதே சாஃப்ட்வேர் எங்களுக்கும் ஆகுமா?

பதில்: அப்படியே ஆகாதுங்க. விளக்குல பல பாகம் சேர்ந்து ஒரு பொருள், உங்களுக்கு ஒரே நெல்லுல இருந்து அரிசி, குருணை, தவிடு, உமின்னு பிரியுது. அப்படி தலைகீழா பிரிச்சு கணக்கு போடுமான்னு உங்க மில் லாட் ஒண்ணைக் குடுத்து டெமோ காட்டச் சொல்லுங்க. ஈரப்பதம் 17 சதவீதத்துலயும் 14 சதவீதத்துலயும் வர்ற நெல்லை ஒரே எடைன்னு எடுத்துக்கிற சாஃப்ட்வேரா இருந்தா டீயைக் குடுத்து அனுப்பிடுங்க.