வீணாகவில்லை என்றீர்களே, அந்த டேட்டா கார்டு

கேள்வி (ஆகஸ்ட் 2021, கொரோனா காலம்): ஈரோடு மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகன் தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறான், நிர்வாக ஒதுக்கீடு. போன வருடம் படிப்புக்கு 85,000, கல்லூரி பஸ்ஸுக்கு 18,000 கட்டினேன். ஒன்றரை மாதம்தான் கல்லூரி நடந்தது. மற்றதெல்லாம் ஆன்லைன். பள்ளிக்கூடம் திறக்காததால் சீருடைத் தையலும் இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். கட்டியதில் பாதியையாவது திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இல்லையா? மகளும் படிக்கிறாள், அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு முடிந்தது. அவளுக்குச் செலவு இல்லை. அவளுக்கு அரசு கொடுத்த டேட்டா கார்டைக்கூட வீணாகாமல் மகன் போனில் போட்டுக்கொண்டான். கடை மூடி நான் வந்த பிறகு என் போனில் பாடம் பார்ப்பாள். இரண்டு பேப்பர் அரியர். படிப்பில் அவ்வளவாக நாட்டம் இல்லை. மகனின் பணத்துக்கு வழி சொல்லுங்கள்.

பதில்:

சகோதரரே, உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த டேட்டா கார்டைப் பற்றிப் பேச வேண்டும்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு 2 ஜிபி இலவச இணையம். ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு என்று அரசு அறிவித்தது. அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, தனியார் கல்லூரியென்றால் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான். உங்கள் மகன் அந்தப் பட்டியலில் இல்லை, மகள் இருந்தாள். அவள் பெயருக்கு வந்ததை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டு, 'வீணாகாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கையில் இருந்தால் வீணா? போன் இல்லாத பெண்ணுக்குக் கார்டு எதற்கு என்று சொல்வீர்கள். போன் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதவில்லையே.

பகல் பத்து மணிக்கு அவள் வகுப்பு நடக்கும்போது உங்கள் போன் கடையில் இருக்கிறது. ராத்திரி நீங்கள் வந்த பிறகு, தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுதியிருப்பாள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் சமன்பாட்டில் பாதி காணாமல் போகும். ஆய்வகத்தில் திரவத்தை அளந்து ஊற்றும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கையால் தொடாமல் ஒரு வருட வேதியியல் போயிருக்கிறது. இருபத்தெட்டு வருடம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன், இப்படிப் படித்த பிள்ளைக்கு இரண்டு பேப்பர்தான் அரியர் என்றால் அவளுக்குப் படிப்பில் நாட்டம் நிறையவே இருக்கிறது. 'நாட்டம் இல்லை' என்ற சொல்லைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பணம். 2021 மே 3-ம் தேதி ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. பள்ளி மூடியிருந்தபோது டீசல், மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் நிர்வாகத்துக்கு மிச்சம். பிள்ளைகள் பயன்படுத்தாத வசதிக்குக் காசு வாங்குவது கல்வியை வியாபாரமாக்குவது. அதனால் 2020-21 கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூலை 30-ம் தேதி, தனியார் பள்ளிகள் கட்டணத்தில் பொதுவாக 85 சதவீதமும், தொற்றுக்காலத்தில் வருமானம் பாதிக்கப்பட்ட பெற்றோரிடம் 75 சதவீதமும் வாங்கலாம் என்றது. இரண்டும் பள்ளிகளுக்குச் சொன்னவை, கல்லூரிக்கு அப்படியே பொருந்தாது. யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொல்வது சேர்ந்த சீட்டை ரத்து செய்துவிட்டு வெளியேறுபவர்களுக்கு. படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மகனுக்கு அது இல்லை.

ஆனாலும் அந்தத் தீர்ப்பின் நியாயம் உங்களுக்கும் நியாயம்தான். ஓடாத பஸ்ஸுக்கு 18,000 எதற்கு? ஓடிய ஒன்றரை மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் வரும் வருடக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போகும். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அதே பஸ்ஸில் வரும் நாலு பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். கடையில் தையல் குறைந்ததையும் அதே கடிதத்தில் எழுதி, வரும் வருடக் கட்டணத்துக்குத் தவணை கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

படிப்புக்கான 85,000-ல் பாதியைத் திருப்பிக் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். ஆன்லைனில் பாடம் எடுத்தவர்களும் ஆசிரியர்கள்தான். பாதிச் சம்பளத்தில், சொந்த டேட்டா போட்டு, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்திய இரண்டு பேரை எனக்கே தெரியும். வகுப்பே நடத்தாமல் ஏமாற்றியிருந்தால் சண்டை போடுங்கள், நானும் துணைக்கு நிற்பேன். நடந்த வகுப்புக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு ஒருவர் பாதிக் கூலி கொடுத்தால் நீங்கள் விடுவீர்களா?

கல்லூரி உங்களிடம் வாங்கியதற்கு ஈடு தரவில்லை என்று உங்களுக்குக் கோபம். சரி. உங்கள் வீட்டில் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு வருடத்தையே வாங்கிக்கொண்டீர்கள், அதற்கு ரசீது இல்லாததால் கணக்கில் வரவில்லை. அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் இல்லை. செலவு வைக்காத பிள்ளை என்பதற்காக அவள் படிப்பு மலிந்துபோய்விடுமா? அடகுக் கடைக்குப் போன வளையல் அவளுடைய அம்மாவுடையது. அதில் அவளுக்கும் பங்கு உண்டு. பெற்ற கடமை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பஸ் பணம் கைக்கு வந்தால் அதில் முதல் செலவு அவளுக்கு ஒரு போன். வராவிட்டாலும் போன் வாங்க வேண்டும். கல்லூரிகள் செப்டம்பர் 1 திறக்கப்போகின்றன, இனி எதற்கு என்று தள்ளிப்போடாதீர்கள். திறந்த கதவை மார்ச் மாதம் மறுபடி மூடினார்களே. போன் வாங்கும்வரை மகன் போன் தினம் பாதி நேரம் தங்கையிடம் இருக்கட்டும். அதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், அவள் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

அரியர் விழுந்த அந்த இரண்டு பேப்பர் எவை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவளிடம் கேளுங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்னவென்றும் கேட்டு, கடை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.