பிஎஸ்5-க்கு ரெண்டாவது கன்ட்ரோலர் எது வாங்கலாம்? பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரே போதுமா?

பிஎஸ்5 (சோனியோட பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) கூட ஒரு கன்ட்ரோலர்தான் வந்துச்சு, தம்பியோட சேர்ந்து ஆட இன்னொண்ணு வேணும், வீட்ல பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் கிடக்கு, இல்லேன்னா ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு வர்றத வாங்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஏற்கனவே ரெண்டு பேர் "எதுவா இருந்தா என்ன, பட்டன் ஒண்ணுதான"ன்னு பதில் போட்டிருக்காங்க. அத பாத்துட்டு சும்மா போக முடியல, அதான் எழுதுறேன்.

கேட்டதுக்கு பதில் முதல்ல. பழைய டூயல்ஷாக் 4, அதான் உங்க பிஎஸ்4 கன்ட்ரோலர், பிஎஸ்5-ல கனெக்ட் ஆகும், ஆனா பிஎஸ்4 கேம் ஆடறதுக்கு மட்டும்தான். பிஎஸ்5 கேம போட்டீங்கன்னா பிஎஸ்5-ஓட வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலர எடுன்னு சொல்லிடும். இது ரிப்பேர் இல்ல, சோனி அப்படித்தான் வச்சிருக்கான், 2020-ல கன்சோல் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். ஸ்டியரிங் வீல், ஆர்கேட் ஸ்டிக் மாதிரி லைசன்ஸ் வாங்கின ஐட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனா ஒரு வழி இருக்கு ப்ரோ. நிறைய கேம் பிஎஸ்4, பிஎஸ்5னு ரெண்டு வெர்ஷன்லயும் வருது, ஃபுட்பால் கேம் எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். உங்க கேமுக்கு பிஎஸ்4 வெர்ஷன் இருந்தா அத இறக்கி பழைய கன்ட்ரோலர்லயே ஆடலாம். கிராஃபிக்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான். தம்பியோட மேட்ச் போட அது போதும்னா இப்போதைக்கு பத்து பைசா செலவு பண்ண வேணாம்.

அந்த 1,500 ரூபா ஐட்டத்த மட்டும் வாங்காதீங்க. படத்த பெருசு பண்ணி கீழ இருக்கிற பொடி எழுத்த படிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல பிஎஸ்3, பிசி, ஆண்ட்ராய்டுன்னுதான் போட்டிருக்கும். பிஎஸ்4னு போட்டிருந்தாலும் மேல சொன்ன அதே கதைதான், பிஎஸ்5 கேம்ல வேலைக்கு ஆகாது.

இதுல நான் ஏன் இவ்வளவு சூடாகுறேன்னு கேக்கலாம். எங்க அக்கா பையன் லீவுக்கு எங்க வீட்டுக்கு வருவான், அப்போ என்கிட்ட பிஎஸ்4 தான் இருந்துச்சு. அவனுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டும்னு மச்சான் பஜார்ல ஒரு கடையில டூயல்ஷாக் 4 வாங்கிக் கொடுத்தாரு, "பக்கா ஒரிஜினல் சார், பாக்ஸ் பீஸ்"னு சொல்லி கிட்டத்தட்ட ஒரிஜினல் ரேட்டே வாங்கியிருக்கான் கடைக்காரன். பையனுக்கு தலைகால் புரியல, தூங்கும்போது தலைமாட்டுலயே வச்சுக்குவான். ஆனா ஆட உக்காந்தா தோத்துக்கிட்டே இருக்கான். கோல் போஸ்ட் முன்னாடி பந்த வச்சுக்கிட்டு அடிக்கிறான், பந்து வெளிய போகுது. ஒண்ணும் அமுக்காமலே ஆள் இடது பக்கமா நகர்றான். கொஞ்ச நாள்ல அவனே "எனக்கு ஆட வரல மாமா, நீங்க ஆடுங்க, நான் பாக்குறேன்"னு சொல்லிட்டு சோபாவுல போய் உக்காந்துட்டான். ஒன்பது வயசுப் பையன். கன்ட்ரோலர்ல கோளாறு இருக்கும்னு அவனுக்கு தோணவே இல்ல, தன் கைலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டான். எனக்கு அது தாங்கல.

வாங்கி என் கைல வச்சுப் பாத்தேன். எடுத்த உடனே தெரிஞ்சுது, கனமே இல்ல. ஒரிஜினல் டூயல்ஷாக் 4 கிட்டத்தட்ட 210 கிராம் வரும், இது காலி டப்பா மாதிரி இருந்துச்சு. ஹெட்போன் மாட்டினேன், சத்தமே வரல. நடுவுல இருக்கிற டச்பேட அமுக்கினா பட்டன் வேலை செய்யுது, ஆனா விரல தேய்ச்சா ஒண்ணும் நகரல. டூப்ளிகேட்ல நிறைய இப்படித்தான் இருக்கும், வெளிய அச்சு அசலா பண்ணிடுவாங்க, உள்ள டச்சு, ஆடியோ இதுக்கெல்லாம் காசு போட மாட்டாங்க.

மச்சான் பாவம், "விடுப்பா, போனது போச்சு"ன்னாரு. நான் விடல. என் ஒரிஜினல் கன்ட்ரோலரையும் ஹெட்போனையும் எடுத்துக்கிட்டு பையனையும் கூட்டிக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். முதல்ல "ஃபுல் சார்ஜ் போட்டா சரியாயிடும்"னான். அப்புறம் "எல்லாமே சைனாதான் சார்"னான். ஒரிஜினல் மேலயும் மேட் இன் சைனான்னுதான் போட்டிருக்கும், அது யாருக்குத் தெரியாது, சோனி அங்க செய்யறது வேற, அத பாத்து எவனோ காப்பி அடிக்கிறது வேற. அவன் கடையில டெமோவுக்கு வச்சிருந்த பிஎஸ்4-லயே ரெண்டையும் மாத்தி மாத்தி கனெக்ட் பண்ணி, ஹெட்போன அவன் காதுலயே மாட்டி விட்டேன். நின்னுக்கிட்டிருந்த கஸ்டமர் எல்லாம் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சாங்க. முழுப் பணமும் திரும்ப வந்துச்சு. பில்லு கையில இருந்துச்சு, அதனாலதான் வந்துச்சு, மச்சான் அத பத்திரமா வச்சிருந்தாரு. பில் இல்லாம எவ்வளவு கம்மியா கொடுத்தாலும் கன்ட்ரோலர் வாங்காதீங்க.

வீட்டுக்கு வந்து என் ஒரிஜினல பையன்கிட்ட கொடுத்து ஆடச் சொன்னேன். முதல் மேட்ச்லயே கோல் போட்டான். அதனாலதான் சொல்றேன், ரெண்டாவது கன்ட்ரோலர்னா மட்டமா இருந்தா போதும்னு நினைக்காதீங்க, அது எப்பவும் வீட்ல சின்னவன் கைலதான் போகும். நல்லத நீங்க வச்சுக்கிட்டு சொத்தைய தம்பிகிட்ட கொடுத்து ஜெயிக்கிறது ஜெயிப்பா?

"சோனிக்கு சொம்பு தூக்குறான்"னு கமென்ட் வரும், தெரியும். நான் சோனிகிட்ட பத்து பைசா வாங்கல. டூயல்சென்ஸ் இந்தியாவுக்கு வந்தப்போ 5,990 ரூபாய், நம்ம ஊரு சம்பளத்துக்கு அது அதிகம்தான். அந்தக் காசுக்கு கட்டை விரலால திருப்புற ஸ்டிக்காவது உருப்படியா வச்சிருக்கலாம், அதுவும் இல்ல. ஸ்டிக் டிரிஃப்ட்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஸ்டிக்க தொடாமலே ஆள் தன்னால நகர்றது. நான் திறந்து பாத்திருக்கேன். ஸ்டிக் பக்கவாட்டுல ரெண்டு குட்டி மூடி இருக்கும், ஸ்க்ரூடிரைவர் நுனியால நெம்பினா கழண்டு வரும். உள்ள கருப்பா கார்பன் பூசின தடம், அதுக்கு மேல ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கிட்டே போகும். ஆட ஆட நாக்கு போற எடத்துல மட்டும் தேஞ்சு பளபளன்னு ஒரு கோடு விழுந்திருக்கும். அங்கதான் அது ஸ்டிக் எங்க நிக்குதுன்னு தப்பா சொல்ல ஆரம்பிக்குது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டு துடைச்சா கொஞ்ச நாள் ஓடும், தேஞ்சது தேஞ்சதுதான். ஸ்டிக்க மாத்தணும்னா போர்டுல பத்த வச்சிருக்கிற அதோட 14 கம்பிக் கால்லயும் ஈயத்த உருக்கி எடுக்கணும், கை பழகாதவங்க போர்ட கருக்கிடுவாங்க, நல்ல மொபைல் சர்வீஸ் கடையில கேட்டா செஞ்சு தருவாங்க.

இதுக்கு மாத்தா ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கு. காந்தத்த வச்சு வேலை செய்யும், உரசறதுக்கு ஒண்ணும் இல்லாததால இப்படித் தேயாது. இது புதுசும் இல்ல, சேகா கம்பெனி 1998-லயே அவங்க டிரீம்காஸ்ட் கேம் பெட்டியோட கன்ட்ரோலர்ல வச்சுட்டான். அப்பவே செஞ்சத டூயல்சென்ஸ்ல ஏன் வைக்கலன்னுதான் எனக்கு ஆத்திரம். விலை கூடின டூயல்சென்ஸ் எட்ஜ்ல கூட ஸ்டிக்க கழட்டி வேற மாட்டிக்கலாம், ஆனா உள்ள அதே உரசற ஸ்டிக்தான். வேற கம்பெனி கன்ட்ரோலர்ல ஹால் எஃபெக்ட் கிடைக்குது, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல பிஎஸ்5னு பேர் போட்டிருக்கா, லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க. பெரும்பாலானது பிசிக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் பெட்டிக்கும்தான்.

எக்ஸ்பாக்ஸ் (மைக்ரோசாஃப்டோட கேம் பெட்டி) வச்சிருக்கவங்க இத படிச்சா ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்தத் தலைவலி கம்மி. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் புது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், எக்ஸ் ரெண்டுலயும் ஓடும், புதுசு பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்லயும் ஓடும், அதுக்கும் முந்தின எக்ஸ்பாக்ஸ் 360-ஓடது மட்டும் சேராது. ஆனா லைசன்ஸ் இல்லாத கன்ட்ரோலர அங்கயும் 2023 கடைசியில பிளாக் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

தம்பி சின்னப் பையனா இருந்தா இன்னொண்ணு பாருங்க. டூயல்சென்ஸ் 280 கிராம் கிட்ட, சின்னக் கைக்கு கனம்தான். பின்னாடி இருக்கிற ட்ரிகரும் சில கேம்ல இறுகும், விரல் வலிக்கும். செட்டிங்ஸ்ல ஆக்சசரீஸ் உள்ள போய் ட்ரிகர் எஃபெக்ட குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். வைப்ரேஷனையும் குறைச்சீங்கன்னா சார்ஜ் கொஞ்சம் கூட நிக்கும்.

சார்ஜுன்னதும் ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனாலும் சொல்லாம இருக்க முடியல. எங்க வீட்டு ஓனர் நான் கேம் பெட்டி வச்சிருக்கத பாத்துட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்கிட்டிருந்தத 10 ஆக்கிட்டாரு, "ராத்திரியெல்லாம் அந்த ரிமோட்ட சார்ஜ்ல போட்டு வைக்கிறீங்க"ன்னு காரணம் வேற. டூயல்சென்ஸ் பேட்டரி 1,560 எம்ஏஎச், முழுசா சார்ஜ் ஏற 6 வாட்-ஹவர் கூட ஆகாது, ஒரு யூனிட்னா 1,000 வாட்-ஹவர், வீணாப் போறத சேர்த்துக்கிட்டாலும் ஒரு யூனிட் கரண்டுல நூறு தடவைக்கு மேல சார்ஜ் போடலாம். கன்சோல் இழுக்கும், ஒத்துக்கறேன், பெரிய கேம் ஆடும்போது 200 வாட் கிட்ட போகும், அஞ்சு மணி நேரம் ஆடினா ஒரு யூனிட். ஆடினதுக்கு மீட்டர் ஓடப்போகுது, அதுக்கு ரேட்ட ஏத்துவானேன்? தமிழ்நாடு கவர்மென்ட் ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் யூனிட் ஃப்ரீயா தருது, ஓனர் இப்படி தனி ரேட் போடறதால அதுலயும் எனக்கு ஒரு யூனிட் கூட வந்து சேரல. வாடகை வீட்ல இருக்கவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்ககிட்ட இருக்கிற டூயல்ஷாக் 4-ஐ முதல்ல மைக்ரோ யூஎஸ்பி கேபிள்ல பிஎஸ்5-ல சொருகி, ரெண்டு ஸ்டிக்குக்கும் நடுவுல இருக்கிற பிஎஸ் பட்டன அமுக்கி ஜோடி சேருங்க. சேரலன்னா பின்னாடி ஒரு ஊசி ஓட்டை இருக்கும், சிம் எடுக்கிற பின்ன விட்டு சில செகண்ட் அமுக்கிட்டு மறுபடி சொருகுங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா இருந்தா சேராது, டேட்டா கேபிள் வேணும், நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. தம்பி கைல கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மேட்ச் நீங்களே அதுல ஆடிப் பாருங்க, ஆள் தன்னால நகர்றானான்னு. எந்த கேம்னு நீங்க சொல்லல, பேர கமென்ட்ல போடுங்க, பிஎஸ்4 வெர்ஷன் இருக்கான்னு பாத்து சொல்றேன்.