கேள்வி பதில்: ஸ்கானர் சில பெட்டிகளை மட்டும் விட்டுவிடுகிறதே!

கேள்வி: ஐயா, எங்கள் நெல்லிக் கிரஷ் தொழிற்சாலையில் பெல்ட்டில் போகிற காட்போட் பெட்டிகளுக்கு லேசர் பார்கோட் ஸ்கானர் பூட்டினோம். பெட்டியைக் கையில் தூக்கிக் காட்டினால் வாசிக்கிறது, பெல்ட்டில் போனால் சிலதை விட்டுவிடுகிறது. கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தோம். ஸ்கானர் பழுதா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்கானர் பெட்டிக்கு நேர் எதிரே நிற்கிறது, போதாததற்கு லேபல் உரியாமலிருக்க மேலே பளபளவென்று செலோடேப்பும் ஒட்டியிருக்கிறீர்கள். வெளிச்சம் போன வழியே திரும்பி வந்து ஸ்கானரைக் கூசவைக்கிறது, பிறகு கறுப்பும் வெள்ளையும் அதற்கு எப்படிப் பிரிந்து தெரியும்? கையில் பிடிக்கும்போது கொஞ்சமாவது சரிந்துதான் இருக்கும், அதனால் வாசிக்கிறது. பிராக்கெட்டைத் தளர்த்தி, ஸ்கானரை மேலேயோ கீழேயோ 15 பாகை அளவில் சரித்துப் பூட்டுங்கள். செலோடேப்பை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் லேபலில் கோடுகள் வேலிக் கதியால் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. பெட்டி நகர நகர லேசர் கோடு அதே உயரத்தில்தான் திரும்பத் திரும்ப ஓடும். அந்த இடத்தில் அச்சு அழிந்திருந்தால் எத்தனை தரம் ஓடியும் பயனில்லை. லேபலையும் ஸ்கானரையும் 90 பாகை திருப்பிவிட்டால், பெட்டி நகரும்போது ஒவ்வொரு தரமும் கோடுகளின் வேறு வேறு இடத்தை வெட்டும். கோடுகளின் இரு பக்கமும் வெறும் வெள்ளை இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆக மெல்லிய கோட்டின் பத்து மடங்கு அகலமாவது வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் விட்டால், பெட்டி வருவதைச் சொல்கிற சென்சர் பிந்தி வேலை செய்கிறதாக இருக்கலாம், அதைப் பெட்டி வருகிற பக்கமாகத் தள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்தில் இருந்து பெட்டி கட்டுகிற அக்காமார் பார்கோட் ஸ்கானரின் சிவப்பு வெளிச்சத்துக்குப் பயப்படுகிறார்கள். கண்ணுக்குக் கூடாதா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: ஸ்கானரில் ஒட்டியிருக்கிற மஞ்சள் எச்சரிக்கையை வாசியுங்கள். லேசர் பாதுகாப்பு வகுப்பு 2 என்றிருந்தால், தொடர்ந்து எரிகிற லேசருக்கு எல்லை 1 மில்லிவாட். தற்செயலாகப் பட்டாலும் கால் செக்கனுக்குள் கண் தானாக மூடிவிடும் என்ற கணக்கில்தான் அந்த எல்லை. வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பது வேறு கதை. இருந்து வேலை செய்பவர்களின் கண் மட்டத்தில் பூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் மினுக்கமில்லாத கறுப்புத் தகடு ஒன்று வைத்தால், பெட்டி இல்லாத நேரம் கதிர் அதோடு நின்றுவிடும். உள்மூடியைக் கழற்ற யாரையும் விடவேண்டாம்.

கேள்வி: லேபலில் கோடுகளையும் எங்கள் சின்னத்தின் சிவப்பிலேயே அடிக்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: வடிவாகத்தான் இருக்கும், ஆனால் வாசிக்காது. 650 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசருக்குச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். சிவப்பு வேண்டுமென்றால் பின்னணிக்குப் போடுங்கள், கோடுகள் கறுப்பாகவே இருக்கட்டும்.