எபிக் ஃபேன்டசி (மாய உலகப் பெருங்கதை): எது மரபு, எது நகல்? கேள்வி பதில்

கேள்வி: 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனே பழைய பாடல்களிலிருந்து எடுத்தவர்தானே சார்? அவரைப் பார்த்து எழுதுபவர்களை மட்டும் ஏன் நகல் என்கிறோம்?

பதில்: நிறையவே எடுத்தார். 1937-இல் வந்த அவருடைய 'த ஹாபிட்' நாவலின் குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை 'வோலுஸ்பா' என்ற பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) பாடலின் குள்ளர் பட்டியலில் உள்ளவை. டோல்கீனின் கிழ மந்திரவாதி கான்டால்ஃபின் பெயரும் அதில் ஒரு குள்ளனுடையது. டோல்கீனின் முதல் வரைவிலும் அது குள்ளர் தலைவனின் பெயர்தான். பட்டியலில் இருப்பது வெறும் பெயர்; அந்தக் கிழவரின் முன்கோபமும் வாணவேடிக்கையும் டோல்கீன் சேர்த்தவை. மூலத்தில் காலியாகக் கிடந்த இடத்தை அவர் நிரப்பினார். நகலெடுப்பவர், அவர் நிரப்பியதை அப்படியே அள்ளிக்கொள்கிறார்.

1954-இல் டோல்கீனின் 'த ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்', போல் ஆண்டர்சனின் 'த புரோக்கன் ஸ்வார்ட்' இரண்டும் வந்தன. இரண்டிலும் எல்ஃப்கள் என்ற மாய இனத்தவர், உடைந்த வாள், நார்ஸ் வாசனை. ஆனால் ஆண்டர்சனின் எல்ஃப்கள் மனிதக் குழந்தையைத் திருடி, வேறொன்றைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் போகும் ஈவிரக்கமற்றவர்கள். ஊற்று ஒன்று, கதைகள் வேறு.

கேள்வி: டெரி புரூக்ஸின் 'த ஸ்வார்ட் ஆஃப் ஷன்னாரா' (1977) நாவல் நகலா?

பதில்: கதையின் எலும்புக்கூடு டோல்கீனுடையது. மர்ம மனிதர் கிராமத்துக்கு வந்து இளைஞனை எச்சரிப்பதும், பின்னர் அவர் எதிரியோடு விழுந்து செத்ததாக நம்பப்படுவதும் வரிசை மாறாமல் வருகின்றன. ஆனால் தலைப்பில் வரும் வாள் வெட்டாது, உண்மையைக் காட்டும். தான் எப்போதோ செத்துவிட்டதை ஒப்புக்கொள்ளாத வில்லன் அதில் அழிகிறான். அது டெரி புரூக்ஸின் சொந்தச் சரக்கு. அதற்காகவே அந்த நாவலைப் படிக்கலாம்.

கேள்வி: ஹாபிட், எல்ஃப் என்று தாராளமாக எழுதலாமா அண்ணா?

பதில்: எல்ஃப், குள்ளர், டிராகன் பொதுச்சொத்து. ஹாபிட் அப்படியல்ல, அது டோல்கீனின் குட்டை மனித இனம். 1974-இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, சட்ட எதிர்ப்பு வந்த பிறகு அதை 'ஹாஃப்லிங்' என்று மாற்றியது.

கேள்வி: என் வரைவு நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், பெயர்களை அடித்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த நாவலுக்கும் அதையே செய்து பக்கத்தில் வையுங்கள். நிகழ்ச்சியும் வரிசையும் காரணமும் ஒத்துப்போனால் நகல்தான். பெயரை மாற்றிப் பயனில்லை, காரணத்தை மாற்றுங்கள். 1968-இல் எழுத்தாளர் லெ குவின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில், நாயகனை அவனே அவிழ்த்துவிட்ட நிழல் துரத்துமாறு செய்தார். இருளரசனோ படையோ தேவைப்படவில்லை.

சின்ன விஷயங்களையும் பாருங்கள். வழிப்போக்கர்கள் ராத்திரிக்கு ராத்திரி ஸ்ட்யூ (மெதுவாக வேகவைத்த குழம்பு) சாப்பிடுகிறார்களா? எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1996-லேயே கேலி செய்த வழக்கம் அது. ஸ்ட்யூ வேக மணிக்கணக்கில் ஆகும். துரத்தப்படுபவன் காய்ந்த ரொட்டியைத்தான் மெல்வான்.