கைதட்டல் ஆர்.ஜே.வுக்கு, எழுதுகிறவருக்கு?

கேள்வி: எனக்கு 27 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. ஒரு எஃப்.எம். வானொலியின் காலை நிகழ்ச்சிக்குத் தினமும் ஐந்து நிமிட காமெடி எழுதிக் கொடுக்கிறேன். கேட்கிறவர்கள் ரசிக்கிறார்கள். ஆனால் பாராட்டு முழுக்க ஆர்.ஜே.வுக்குத்தான், என் பெயரை ஒருநாள்கூடச் சொன்னதில்லை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் டிவி காமெடி நிகழ்ச்சிகளுக்கு எழுதலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: வங்கி வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். வீட்டார் பயப்படுகிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதுவது இன்னும் அந்த ஆர்.ஜே.யின் குரலை நம்பியே நிற்கிறது. இதே நிலையில் சென்னைக்குப் போனால் அங்கேயும் யாரோ ஒரு தொகுப்பாளருக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். வாடகைதான் கூடும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இங்கிலாந்தின் காமெடி எழுத்தாளர்கள் ரே கால்டன், ஆலன் சிம்சன் இருவரும்தான் நினைவுக்கு வந்தார்கள். 1948இல் சர்ரே பகுதியில் உள்ள மில்ஃபோர்ட் காசநோய் மருத்துவமனையில் சந்தித்துக்கொண்ட பையன்கள். அங்கே நோயாளிகளுக்கென்று நடந்த வானொலிக்கு எழுதிப் பழகினார்கள். வெளியே வந்ததும் அப்போது பிபிசியில் பெயர் வாங்கியிருந்த ஃபிராங்க் மியூர், டெனிஸ் நார்டன் என்ற எழுத்தாளர்களிடம் யோசனை கேட்டு, உங்களைப் போலவே ஒரு கடிதம் போட்டார்கள். ஸ்கிரிப்ட் எழுதி பிபிசிக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது, அனுப்பினார்கள். முதலில் கிடைத்தது ஒரு வானொலி காமெடியனுக்கு ஜோக் எழுதும் வேலை. ஒரு ஜோக்குக்கு 5 ஷில்லிங். பெயரெல்லாம் அப்புறம்தான்.

1954இல் டோனி ஹான்காக் என்ற காமெடியனை வைத்து இவர்கள் எழுதிய 'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்' வானொலியில் தொடங்கியது. இடையில் பாட்டு கிடையாது, ஜோக்குகளின் தொகுப்பும் கிடையாது. தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் மூக்குடைபடும் ஒரு மனிதனின் அரைமணி நேரக் கதை, அவ்வளவுதான். 1958இல் வந்த ஒரு பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்வதற்கு எதுவுமே இல்லாமல் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டாவி, பெருமூச்சு, நீண்ட மௌனம். வானொலியில் மௌனம் என்றால் கேட்கிறவர் பெட்டி கெட்டுவிட்டதென்று தட்டிப் பார்ப்பார். அந்த மௌனத்துக்கே ஜனங்கள் சிரித்தார்கள், காரணம் அந்த ஆளை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஐந்து நிமிடத்தில் ஒரு இடத்திலாவது இப்படி வசனமே இல்லாமல் சிரிக்கவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் நீங்கள் ஜோக் எழுதுகிறீர்கள், இன்னும் ஆள் எழுதவில்லை.

நிகழ்ச்சி 1956இல் டிவிக்கும் போனது. ஹான்காக்கின் முகம் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டதால் வானொலியில் நாலு வரி தேவைப்பட்ட இடத்தில் டிவியில் ஒரு பார்வை போதுமாயிருந்தது. பெயர் என்னவோ அவருக்குத்தான், நிகழ்ச்சியின் தலைப்பிலேயே அவர் பெயர் இருந்ததே! 1961இல் அவர் இவர்களை விட்டு விலகினார். நட்சத்திரம் போனால் எழுத்தாளர் கதி என்ன? உங்கள் கேள்விக்குள்ளும் இந்தப் பயம்தான் ஒளிந்திருக்கிறது.

பிபிசி அவர்களுக்கு அரைமணி நேரத் தனிக்கதைகள் எழுத இடம் கொடுத்தது. அவற்றில் ஒன்று, காமெடியன்களை விட்டுவிட்டு நாடக நடிகர்களைப் போட்டு எடுத்த, பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பன், மகன் கதை. மகன் வீட்டைவிட்டுப் போக முடிவுசெய்து தன் சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். அப்பன் குதிரையைத் தர மறுக்கிறான். மகனே வண்டியை இழுக்கிறான், நகரவில்லை, அங்கேயே உடைந்து அழுகிறான். மகனாக நடித்த ஹாரி எச். கார்பெட் அந்த இடத்தில் நிஜமாகவே அழுதுவிட்டார். காமெடி என்று எழுதியதுதான்! (நீங்களும் மூட்டை கட்டுகிற யோசனையில் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) அந்தக் கதை 1962இல் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற தொடரானது. 1964 பொதுத்தேர்தல் நாளன்று அது ஒளிபரப்பானால் தொழிலாளர் கட்சிக்காரர்கள் ஓட்டுப்போட வராமல் போய்விடுவார்களோ என்று அந்தக் கட்சியின் தலைவர் ஹெரால்ட் வில்சன் கவலைப்பட, பிபிசி நேரத்தைத் தள்ளிவைத்தது. பிறகு அமெரிக்காக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் ஊருக்கு ஏற்றபடி எடுத்தார்கள். நடிகர்கள் வேறு, ஊர் வேறு, ஆனாலும் கதை நின்றது. எழுத்தாளருக்கென்று ஒரு சொத்து இருந்தால் அது இதுதான்.

நம் ஊரில் கிரேஸி மோகனைப் பாருங்கள். கிண்டியில் பொறியியல் படித்து, வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். எஸ்.வி.சேகருக்கு எழுதிக்கொடுத்த 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்துதான் அந்த 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு. மாது, ஜானகி என்ற அவருடைய பாத்திரங்கள் நாடகத்துக்கு நாடகம் வந்தார்கள். சினிமாவுக்கும் டிவிக்கும் அவர் போனபோது கையில் அவருக்கென்று ஓர் உலகம் இருந்தது.

ஆகவே ஆர்.ஜே.வுக்கு எழுதுவதை விடாமல், பக்கத்திலேயே உங்களுக்கென்று இரண்டு பேரை உருவாக்குங்கள். ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாத இரண்டு பேர். வங்கியில் தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறீர்கள், ஆளுக்குப் பஞ்சமா? அவர்களை வைத்து முழு அரைமணி நேர ஸ்கிரிப்ட் ஒன்றை முடியுங்கள். ஐந்து நிமிடத்தைப் பஞ்ச் வசனத்தால் ஓட்டிவிடலாம், அரைமணியை ஓட்ட முடியாது. முடிந்தால் கூட எழுத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாராவாரம் தனியாகச் சிரிக்கவைக்கும் வேலை ஆளையே சாய்த்துவிடும். 'தி கூன் ஷோ' என்ற பிபிசி வானொலி காமெடியை எழுதிய ஸ்பைக் மில்லிகன் (நம் அகமத்நகரில் பிறந்தவர்) 1952 கடைசியில் மனம் உடைந்து மருத்துவமனைக்கே போக வேண்டியதாயிற்று.

பெயர் விஷயத்தில் மட்டும் கூச்சம் வேண்டாம். ஆர்.ஜே.யிடம் வருத்தப்பட்டுப் பயனில்லை, அது அவர் கையில் இருக்கும் முடிவாகவும் இருக்காது. நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது 'எழுத்து' என்று உங்கள் பெயரைச் சொல்லட்டும். பணம் எவ்வளவு, எழுதியதை வேறு இடத்தில் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதையும் ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அங்கே கொடுப்பது அன்றாட ஜோக்குகளாக மட்டும் இருக்கட்டும். அந்த இரண்டு பேரையும் அந்த நிகழ்ச்சிக்குள் ஒருநாளும் விடாதீர்கள்.