ரெட் வைன் கசந்தது, வாயை இறுக்கிப் பிடிக்கிறது. பிரான்ஸ் வைனில் பழக்கமில்லாதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

கோத் து ரோன், அதாவது தென் பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பகுதியின் ரெட் வைன். கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பிரான்ஸில் 10 யூரோவுக்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கும். நீங்களும் இங்கே புதிதாக வந்தவர், யாரோ விருந்தில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கசந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அது துவர்ப்பாக இருக்கும். வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தாலோ, செங்காயாக இருக்கும் நாவல்பழத்தைக் கடித்தாலோ நாக்கு மரத்துப்போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் செய்கிற வேலை அது.

எனக்கும் இதே நடந்தது. காரைக்காலிலிருந்து தென் பிரான்ஸின் அவிஞோன் நகரத்துக்கு வந்து ஒரு உணவகத்தின் சமையற்கட்டில் சேர்ந்த புதிது. கூட வேலை செய்தவர் வீட்டு விருந்தில் பூர்தோ வட்டாரத்து வைன் ஊற்றினார்கள், துவர்ப்பு தூக்கலான கபெர்னே சொவின்யோன் திராட்சை அதிகம் சேர்ந்த, இன்னும் முதிராத வைன். ஒரு வாய் குடித்துவிட்டு "கெட்டுப்போயிருக்கிறது போல" என்று சொன்னேன். மேசையே சிரித்தது. "உங்கள் ஊர்க்காரர்களுக்குக் காரம் தின்று நாக்கு செத்துப்போயிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். அது இன்றைக்கும் வலிக்கிறது. அப்புறம் இரண்டு வருடம் நான் வைன் பக்கமே போகவில்லை.

எங்கள் தலைமைச் சமையல்காரம்மாதான் அதை மாற்றினார். ஆகஸ்ட் மாதம், சமையற்கட்டு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கோத் து ரோன் பாட்டிலை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, "குடிக்காதே, முதலில் மோந்து பார்" என்றார். மோந்தேன். மிளகு. அம்மா ரசத்துக்கு அம்மியில் மிளகைத் தட்டும்போது எழும்பும் வாசம், அப்படியே. மறுபடி சிரிப்பார்களோ என்று தயங்கித்தான் சொன்னேன். "சரிதான், அது சிரா திராட்சை" என்றார் அவர்.

கோத் து ரோனில் பெரும்பாலும் மூன்று வகைத் திராட்சைகளைச் சேர்ப்பார்கள். கிரெனாஷ்தான் பெரும்பங்கு: தோல் மெல்லிசு, நன்றாகப் பழுத்து இனிப்பேறும், ஸ்ட்ராபெரி ஜாம் மாதிரி வாசமும் உருண்டையான சுவையும் அதனால் வருவது. சிரா நிறத்தையும் மிளகையும் கொடுக்கும். மூர்வேத்ர் கடைசியாகப் பழுக்கிற முரட்டுத் திராட்சை, கொஞ்சம் சேர்த்தாலே வைனுக்குப் பிடிமானம் வந்துவிடும். கிரெனாஷ் முன்னால் நிற்பதால்தான் துவர்ப்பு இருந்தும் உறுத்துவதில்லை. அந்த மிளகு வாசமும் கற்பனை கிடையாது. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் சிராவிலும் நம் மிளகிலும் மணக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். ஆக, என் நாக்கு செத்துப்போகவில்லை.

குடிப்பழக்கத்தை வளர்க்கிறாயா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: குடிக்காதவரை நான் குடிக்கச் சொல்லவில்லை, கேட்டவர் ஏற்கெனவே குடித்துப் பார்த்தவர். பூர்தோ பிடித்தவர்களும் கோபப்பட வேண்டாம், பத்து வருடம் வைத்திருந்த பூர்தோவை நானும் ரசித்திருக்கிறேன். சொந்தக்காரர்களைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. ஆறு வருடம் பணம் அனுப்பி மாமா வீட்டுக் கடனை அடைத்தவன் நான், ஊருக்குப் போனால் அந்தப் பேச்சை ஒருத்தரும் எடுப்பதில்லை, "அங்கே குடிக்கிறாயாமே" என்பதுதான் முதல் கேள்வி. தங்கையின் கல்யாணப் பந்தியில் வைத்தும் கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று வருடத்துக்கு உட்பட்ட பாட்டிலாக வாங்குங்கள், இளசாகவே குடிக்கிற வைன் இது. ஆல்கஹால் பெரும்பாலும் 13-லிருந்து 14.5 சதவீதம் வரை இருக்கும், அதனால் வெயில் காலத்து அறையில் வைத்துக் குடித்தால் சாராய நெடிதான் முன்னால் வரும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து 16 டிகிரி வாக்கில் குடித்தால் பழவாசம் முன்னால் வரும். ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு தூக்கலாகிவிடும். வெறும் வயிற்றில் வேண்டாம், ஆட்டுக்கறியோடு குடியுங்கள், கொழுப்பு துவர்ப்பை அடக்கும். வறுவலில் மிளகாய்த்தூளைக் குறைத்துவிடுங்கள், மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். மிளகை அளவாகப் போடலாம்.